ஸ்குவாடில் முன்னேற: குறிப் பயிற்சியா, மெடிக்கா, தலைமையா, கிளானா?

ஸ்குவாட் என்ற இணையவழிப் போர் விளையாட்டில் முதல் சில வாரங்களைத் தாண்டியவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் தேங்கிப்போகிறார்கள். ரேடியோ (தளம் அமைக்க முதலில் வைப்பது) எது, ஹாப் (செத்தவர்கள் திரும்ப வரும் இடம்) எது, லாஜி லாரி (பொருட்கள் கொண்டுவரும் லாரி) எதற்கு என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் ஆட்டம் முழுக்க ஓடி ஓடிச் செத்து, யார் சுட்டார்கள் என்றே தெரியாமல் முடிகிறது. வாரத்தில் சில மாலை நேரம்தான் கையில் இருக்கிறது என்றால், அதை எதில் போடுவது? சிலர் குறி பார்த்துச் சுடப் பழகு என்கிறார்கள். சிலர் மெடிக், அதாவது அடிபட்டவர்களைத் தேற்றும் வேடம், எடு என்கிறார்கள். துணிந்து ஸ்குவாட் லீடர், அதாவது குழுத் தலைவர், ஆகிவிடு என்பவர்கள் உண்டு. ஒரு கிளானில் (சேர்ந்தே ஆடும் நிலையான குழு) சேராமல் தேறவே முடியாது என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு மெடிக்தான் முதல் வழி. அதிலிருந்து தலைமைக்கு, நாம் தயார் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்பே போய்விட வேண்டும். குறிப் பயிற்சிக்கு ஆட்டத்துக்கு முந்தைய கால் மணி நேரம் போதும். கிளான் நல்ல விஷயம்தான், ஆனால் அது கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு. இந்த வரிசைக்குக் காரணம் இந்த விளையாட்டு கட்டப்பட்டிருக்கும் விதத்திலேயே இருக்கிறது.

ஸ்குவாடை உருவாக்கியது கனடாவின் ஆஃப்வேர்ல்ட் இண்டஸ்ட்ரீஸ். அதன் வேர், பேட்டில்ஃபீல்ட் 2 விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த ப்ராஜெக்ட் ரியாலிட்டி என்ற மாற்று வடிவத்தில் இருக்கிறது. 2015 டிசம்பரில் ஸ்டீமில் முன்னோட்டமாக வந்து, 2020 செப்டம்பரில் முழு வெளியீடாக ஆனது. ஒரு பக்கத்துக்கு 50 பேர், அணிக்குள் இருக்கும் சிறு குழுவுக்கும் ஸ்குவாட் என்றே பெயர், அதில் அதிகபட்சம் 9 பேர். ஒவ்வொரு அணிக்கும் ஒரு டிக்கெட் கணக்கு உண்டு, அது தீர்ந்தால் தோல்வி. ஒரு வீரர் செத்தால் ஒரு டிக்கெட் போகும், பெரிய வாகனம் அழிந்தால் பல டிக்கெட் போகும். ஆனால் அடிபட்டுக் கீழே விழுந்தவரை எழுப்பிவிட்டால் டிக்கெட் போகாது. இந்த ஒரு விதியே, நூறு பேரில் யார் உண்மையில் ஆட்டத்தை மாற்றுகிறார்கள் என்பதை ஓரளவு சொல்லிவிடுகிறது.

அப்புறம் 2023-இல் வந்த காலாட்படைச் சீரமைப்பு. அதற்குப் பிறகு ஓடிவந்து நின்ற கையோடு துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டால் குண்டு எங்கோ போகும். மூச்சு வாங்கினால் கை ஆடும். எதிரியின் குண்டுகள் அருகே பறந்தால் பார்வை மங்கும், குறி சிதறும். கை வேகத்தை நம்பி வந்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது. எனக்கு அது சரியான மாற்றமாகவே படுகிறது. முன்கூட்டியே நல்ல இடத்தில் போய் அமர்ந்து, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு காத்திருப்பவருக்கு இப்போது அதன் பலன் கிடைக்கிறது.

எந்த வழி உங்களுக்கு என்று முடிவு செய்யும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த இரண்டு மூன்று ஆட்டங்களில் ஒவ்வொரு முறை விழும்போதும் உங்களையே மூன்று கேள்விகள் கேளுங்கள். சுட்டவரை நான் முன்பே பார்த்தேனா? விழுந்தபோது என் ஸ்குவாடில் யாராவது என்னை வந்து எழுப்பும் தூரத்தில் இருந்தார்களா? எதிரி அந்தத் திசையில் வரலாம் என்று எனக்குத் தெரிந்திருந்ததா? எதிரியைப் பார்த்தேன், முதலில் சுட்டேன், குண்டு படவில்லை, அதனால் செத்தேன் என்பது பெரும்பாலான சாவுகளுக்குப் பதிலாக வந்தால் உங்கள் பிரச்சினை குறி. அப்படி வருவது அபூர்வம். பார்க்கவே இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை, அந்தப் பக்கம் எதிரி இருப்பதே தெரியாது என்ற பதில்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவை இடமும் தகவலும் சம்பந்தப்பட்டவை. குறிப் பயிற்சி அவற்றைத் தொடவே தொடாது.

குறிப் பயிற்சி

இதை ஒதுக்கச் சொல்லவில்லை. ஜென்சன்ஸ் ரேஞ்ச் என்ற பயிற்சி மைதானம் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்லாப் படைகளின் ஆயுதங்களையும் வாகனங்களையும் அங்கே எடுத்துப் பார்க்கலாம். ரைஃபிளைவிட ராக்கெட்டைப் பழக அதுதான் சரியான இடம். லாட் என்று எல்லோரும் சொல்லும் இலகு கவச எதிர்ப்பு ஆயுதத்தின் ராக்கெட், தூரம் கூடக்கூட நன்றாகவே கீழே இறங்கும். ஒரு ஆட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு ராக்கெட்தான். அதை வைத்து 200 மீட்டருக்கு எவ்வளவு மேலே பிடிப்பது என்று கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். மைதானத்தில் அரை மணி நேரத்தில் கை பழகிவிடும்.

ரைஃபிளைப் பொறுத்தவரை அங்கே பழக வேண்டியது வேறு. ஓடி வந்து நின்றபின் துப்பாக்கி நிலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது, குனிந்தால் எவ்வளவு குறைகிறது, படுத்தால் எவ்வளவு குறைகிறது என்று உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த உணர்வு வந்துவிட்டால் சும்மா ஓடுவது தானாகவே குறையும்.

வேகமான வேறு சுடும் விளையாட்டுகளிலோ குறிப் பயிற்சிக்கென்றே உள்ள மென்பொருள்களிலோ மணிக்கணக்கில் செலவழித்துவிட்டு ஸ்குவாடுக்கு வந்தால் முன்னேற்றம் தெரியுமா? கொஞ்சம் தெரியும். ஆனால் அங்கே பழகும் பல அனிச்சைகள் இங்கே கெடுதல். எதிரியைக் கண்டதும் சுடுவது அவற்றில் முதலாவது. 250 மீட்டர் தள்ளிப் போகும் ஒரு ஆளைச் சுட்டு உங்கள் இடத்தைக் காட்டிக்கொடுப்பதைவிட, அவர் எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார் என்று பார்த்து ஸ்குவாடுக்குச் சொல்வது பல நேரம் அதிக லாபம். அவர் பின்னாலேயே போய் எதிரியின் ஹாபைக் கண்டுபிடித்துவிட்டால் ஆட்டத்தின் போக்கே மாறலாம்.

நிஜ எதிரிகள் மீது கை பழக வேண்டும் என்றால், சர்வரில் ஆட்கள் குறைவாக இருக்கும்போது அதை நிரப்புவதற்காக ஓடும் சீட் (seed) ஆட்டங்களில் சேருங்கள். சின்னப் பரப்பு, அடிக்கடி மோதல், தோற்றால் யாரும் கவலைப்படாத சூழல். மைதானத்தில் தனியாகச் சுடுவதைவிட இது நல்லது. சர்வர் நடத்துபவர்களுக்கும் அது உதவி.

மெடிக்

புதியவர்களுக்கு மெடிக்கைப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், சுடத் தெரியாவிட்டாலும் பயன்படலாம் என்பது. அது உண்மைதான், ஆனால் அதில் ஒரு அலட்சியம் இருக்கிறது. மெடிக்கை நான் முதலில் வைப்பது வேறு காரணத்துக்காக. விளையாட்டின் நல்ல பழக்கங்களில் பாதியை அந்த ஒரு வேடம் கட்டாயப்படுத்திக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

முதலாவது, தூரம். மெடிக் தன் ஸ்குவாடை விட்டுத் தனியாகப் போக முடியாது. எட்டுப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று அடிக்கடி வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கொஞ்ச நாளில் வரைபடம் பார்ப்பது கண் சிமிட்டுவதுபோல் ஆகிவிடும். தனியாகச் சுற்றிச் செத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இந்த ஒன்று மட்டுமே பெரிய மாற்றம்.

இரண்டாவது, அவசரப்படாமல் இருப்பது. ஒருவர் விழுந்ததும் அவரிடம் ஓடும் மெடிக் அவர் மேலேயே விழுவார். அவரைச் சுட்டவர் இன்னும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் முதலில் கேட்க வேண்டும்: எந்தப் பக்கமிருந்து அடி? விழுந்தவரிடமே கேட்கலாம், அவரால் பேச முடியும். அப்புறம் புகைக்குண்டு. அதை விழுந்தவர் மேலே மட்டும் போட்டால், எதிரி அந்தப் புகையின் நடுவே கண்ணை மூடிக்கொண்டு சுடுவார். சுட்டவருக்கும் விழுந்தவருக்கும் இடையே, முடிந்தால் சுட்டவருக்கு அருகிலேயே போட வேண்டும். புகை முழுதாகப் பரவச் சில நொடிகள் ஆகும். அதுவரை பொறுக்க வேண்டும். வேறு யாராவது அந்தத் திசையில் தொடர்ந்து சுட்டு எதிரியின் தலையைக் கீழே வைத்திருக்கும்படி கேட்க வேண்டும். இந்த வரிசையை ஒரு மாலை முழுக்கச் செய்தவருக்கு எதிரி எப்படி யோசிக்கிறான் என்பது தெரிய ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது, பேச்சு. மெடிக் பேசாமல் இருக்க முடியாது. "வருகிறேன், விட்டுவிடாதே" என்ற இரண்டு சொல் பல டிக்கெட்டுகளைக் காப்பாற்றும். பலர் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் சீக்கிரம் செத்துப் புதிதாக வருகிறார்கள்.

பேண்டேஜ் எல்லோரிடமும் உண்டு, மெடிக் இல்லாதவரும் விழுந்தவரை எழுப்பலாம். ஆகவே மெடிக் செய்ய வேண்டிய தனி வேலை எழுப்புவதைவிடக் குணப்படுத்துவது. சண்டை நடுவே ஒருவரை எழுப்பும் வேலையைப் பக்கத்திலிருப்பவரிடம் விட்டுவிட்டு, ஏற்கெனவே எழுந்தவர்களை மறைவில் வைத்து முழுதாகத் தேற்றுவது பல நேரம் புத்திசாலித்தனம். கடைசி மெடிக்கும் செத்தால் ஸ்குவாடே கரைந்துபோகும். உங்கள் உயிர்தான் அங்கே விலை அதிகம் என்பதை ஏற்றுக்கொள்வது புதியவர்களுக்குக் கடினம், தைரியமில்லாததுபோல் தோன்றும். அப்படி இல்லை.

மெடிக்கின் குறை ஒன்று உண்டு. அதிலேயே தங்கிவிட்டால் பார்வை 50 மீட்டர் வட்டத்துக்குள் சுருங்கிவிடும். ஏன் இந்தக் கொடியை (கைப்பற்ற வேண்டிய இடம்) தாக்குகிறோம், ஹாப் ஏன் இங்கே என்ற கேள்விகளே வராது. அந்தக் கட்டம் வந்ததும் மாற வேண்டும்.

தலைமை

ஸ்குவாட் லீடர் வேலை எல்லோரையும் பயமுறுத்துகிறது. பயத்துக்கு நியாயம் இருக்கிறது. உங்கள் ஸ்குவாட் பேச்சு, மற்ற லீடர்களின் கட்டளைச் சேனல், அருகில் நிற்பவர்களின் குரல் என மூன்றும் ஒரே நேரத்தில் காதில் விழும். அதற்கு நடுவே வரைபடம் பார்க்க வேண்டும், ராலி (ஸ்குவாட் ஆட்கள் மட்டும் திரும்ப வரும் புள்ளி) வைக்க வேண்டும், ரேடியோவுக்கு இடம் தேட வேண்டும், யாரோ ஒருவர் கவச வாகனத்தின் சத்தம் கேட்கிறது என்பார்.

ஆனால் கற்றுக்கொள்ளும் வேகத்தில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. லீடராக நடத்தும் ஒரு ஆட்டம், ரைஃபிளோடு பின்னால் நடந்த பல ஆட்டங்களுக்குச் சமம். காரணம் எளிது: லீடர் எடுக்கும் முடிவுகளின் விளைவு அவர் கண்முன்னே நடக்கிறது. கொடிக்கு நடுவிலேயே ஹாப் வைத்தீர்கள் என்றால், எதிரி நெருங்கியதும் அதில் யாரும் வர முடியாமல் முடங்குவதை நேரில் பார்ப்பீர்கள். அதிக தூரத்தில் வைத்தீர்கள் என்றால், ஆட்கள் நடந்து வந்து சேர்வதற்குள் கொடி போவதையும் பார்ப்பீர்கள். அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் வரைபடத்தைத் திறந்ததும் எதிரி லீடர் ஹாபை எங்கே வைத்திருப்பார் என்று கண் தானாகத் தேடும். சாதாரண வீரராகத் திரும்பினாலும் அந்தப் பார்வை போகாது.

அதனால்தான் தயாரானபின் போகலாம் என்று காத்திருப்பது நஷ்டம் என்கிறேன். ஆனால் நேராகக் குதிக்கவும் வேண்டாம். இடையே ஒரு படி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதே இல்லை: ஸ்குவாடுக்குள் ஒரு சிறு பிரிவை நடத்தும் ஃபயர்டீம் லீடர். ஒரு நல்ல லீடரிடம் "நான் பி டீமைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். மூன்று பேரை நகர்த்துவது, வரைபடத்தில் குறி வைப்பது, லீடருக்குச் சுருக்கமாகச் செய்தி சொல்வது என எல்லாமே சின்ன அளவில் பழகும். கட்டளைச் சேனலின் இரைச்சலும் இருக்காது.

செய்தி சொல்வதைப் பற்றி இன்னும் கொஞ்சம். "அங்கே இருக்கான், அந்த வீட்டில்" என்பதால் யாருக்கும் பயனில்லை. திசைகாட்டியில் 240, சுமார் 150 மீட்டர், வெள்ளைச் சுவர் வீடு, மேல்மாடி ஜன்னல், இரண்டு பேர் என்றால் உடனே எட்டுத் துப்பாக்கிகள் அங்கே திரும்பும். தூரம் கணக்கிட வரைபடத்தின் கட்டங்களே போதும். பெரிய கட்டம் 300 மீட்டர், அதற்குள் எண்பலகைபோல ஒன்பது சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றும் 100 மீட்டர். மார்ட்டர் (சிறு பீரங்கி) தாக்குதல் கேட்பதற்கும் இதே எண்கள்தான். இதைத் தலைமைக்கு வந்தபின் பழகுவதைவிட முன்பே பழகிவிடுவது நல்லது.

முதல் முறை லீடராகும்போது காலாட்படை ஸ்குவாடையே எடுங்கள். ஹெலிகாப்டரும் டாங்க்கும் வேண்டாம். அவற்றை இழந்தால் டிக்கெட்டும் நிறையப் போகும், அணியின் பொறுமையும் போகும். ஆரம்பத்திலேயே மைக்கில் "புது லீடர், உதவி தேவை" என்று சொல்லிவிடுங்கள். இந்த விளையாட்டில் அதைச் சொன்னவரைக் கைவிடுபவர்கள் குறைவு. அனுபவசாலி ஒருவராவது காதோரம் வழிகாட்டத் தொடங்குவார். எதிரி கண்ணில் படாத இடத்தில் ராலி இருக்கிறதா, லாஜி லாரி வரும் வழியில் இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் முதல் சில ஆட்டங்களில் விடாமல் பார்த்தால் போதும். பெரிய தந்திரங்கள் பிறகு வரும். தலைமை தாங்கும்போது நீங்கள் எதிரியைச் சுடவே சுடாத ஆட்டங்களும் வரும். கொன்ற கணக்கு பூஜ்யமாக இருக்கும், ஆட்டம் உங்களால் ஜெயித்திருக்கும்.

இதில் இருக்கும் உண்மையான ஆபத்து சலிப்பு. தொடர்ந்து லீடராகவே இருப்பவர்கள் குரலில் ஒரு கட்டத்தில் எரிச்சல் ஏறிவிடுகிறது. ஒரு ஆட்டம் தலைமை, அடுத்த ஆட்டம் சாதாரண வீரர் என்று மாற்றிக்கொள்பவர்கள் நீண்ட நாள் நிலைக்கிறார்கள்.

கிளான்

ஒரே ஆட்களோடு தொடர்ந்து ஆடினால் பேசாமலே பல விஷயம் நடக்கும். ஒருவர் கதவைப் பார்த்தால் மற்றவர் ஜன்னலைப் பார்ப்பார். ஆட்டம் முடிந்ததும் எங்கே தப்பு நடந்தது என்று உட்கார்ந்து பேசுவார்கள். பொது சர்வரில் இந்தப் பேச்சு கிடைக்கவே கிடைக்காது. இந்த ஒன்றுக்காகவே கிளான் மதிப்புள்ளது.

ஆனாலும் ஏன் கடைசியில் வைக்கிறேன்? நேரம் முதல் காரணம். பயிற்சி நாள், போட்டி நாள் என்று அவர்கள் கால அட்டவணைக்கு நீங்கள் போக வேண்டும். அடுத்தது, பல கிளான்களில் புதியவருக்கு ஒரு வேடம் ஒதுக்கப்பட்டு அதிலேயே உறைந்துவிடும். லாட் என்றால் ஆறு மாதமும் லாட். அடிப்படையெல்லாம் ஓரளவு கற்றபின் போனால் எந்த வேடம் தனக்குப் பொருந்தும் என்று சொல்லிக் கேட்க முடியும். அதற்கு முன் போனால் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சேர்வதற்கு முன் இரண்டு மாலை அவர்கள் சர்வரில் சாதாரணமாக ஆடிப் பாருங்கள். ஜெயிக்கும்போது எல்லோரும் நல்லவர்கள். டிக்கெட் குறைந்து, ஹாப் எல்லாம் போய், அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். புதியவர்களுக்கு லீடர் வாய்ப்பு தருகிறார்களா என்பதையும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

மற்றவர்கள் ஆடும் வீடியோக்களைப் பார்ப்பதையும் ஒரு வழியாகச் சொல்வார்கள். வரைபடங்களின் அமைப்பைத் தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான். வெட்டி ஒட்டிய பரபரப்புக் காட்சிகளில் நடந்து போன இருபது நிமிடம் இருக்காது. கற்க வேண்டியது அதில்தான் இருக்கிறது. அதற்குப் பதில் உங்கள் ஆட்டத்தையே பதிவு செய்து, விழுவதற்கு முந்தைய ஒரு நிமிடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள். எந்த இடத்தில் வெட்டவெளியில் அடி வைத்தீர்கள் என்பது பளிச்சென்று தெரியும்.

யாருக்கு எது

மேலே சொன்ன வரிசை எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. வேறு போர் விளையாட்டுகளில் நிறைய ஆடி, சுடும் கை நன்றாக இருந்தும் இங்கே தொடர்ந்து சாகிறவர் என்றால் மெடிக்கைக்கூடச் சில நாளிலேயே தாண்டி ஃபயர்டீம் லீடருக்குப் போகலாம்; அவருக்குத் தேவை பொறுமையும் பரந்த பார்வையும். கூச்சத்தால் மைக்கையே தொடாதவருக்கு மெடிக்கைத் தவிர வேறு எதையும் சொல்லமாட்டேன். பேசுவதற்கு ஒரு காரணம் அங்கே தானாகக் கிடைக்கும். வாரத்துக்கு ஒரு மாலைதான் முடியும் என்பவர் கிளானை மறந்துவிட்டு, பிடித்த ஒரே சர்வரில் ஒரே நேரத்தில் போய் ஆடிவந்தால் போதும். முகம் தெரியாவிட்டாலும் பெயர்கள் பழகும், அவர்களில் நல்ல லீடர் யார் என்று தெரியும், அவர் ஸ்குவாட் திறந்ததும் சேர்ந்துவிடலாம்.

சரி, மெடிக்கிலிருந்து எப்போது மாறுவது? லீடர் ஒரு முடிவு எடுக்கும்போது, அது தப்பு என்று உங்களுக்குத் தோன்றி, ஏன் தப்பு என்று காரணமும் சொல்ல முடிந்தால் நேரம் வந்துவிட்டது. அன்றைக்கு அவரோடு வாக்குவாதம் செய்ய வேண்டாம். அவர் சொன்ன இடத்துக்கே போய் நன்றாக ஆடிவிட்டு, அடுத்த ஆட்டம் தொடங்கும்போது ஸ்குவாடை நீங்கள் திறந்துவிடுங்கள்.